சான் அன்டோனியோ குவாரி கோல்ஃப் மைதானம்: பின் ஒன்பதில் பந்து தொலைவது பற்றி

முன் ஒன்பதில் (18 குழிகளில் முதல் ஒன்பது) நன்றாக ஆடிவிட்டு, பின் ஒன்பதில் (கடைசி ஒன்பது) மட்டும் பந்துகளைத் தொலைப்பதாகக் கேட்டிருந்தீர்கள். கீத் ஃபாஸ்டர் வடிவமைத்து 1993-ல் திறந்த மைதானம் இது. முன்பாதி திறந்தவெளி. பின்பாதியோ பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குள். சுவரில் மோதும் காற்று சுழலும், கொடியை மட்டும் நம்பாதீர்கள். ஆடும் பாதை குறுகலான குழிகளில் டிரைவரை (நெடுந்தூரம் அடிக்கும் மட்டை) எடுக்காமல் ஹைப்ரிட்டால் (கட்டுப்படுத்த எளிதான மட்டை) அடியுங்கள்.

பாறையை ஒட்டிக் கிடக்கும் பந்தை அடிக்கப் பார்த்தால் கிளப்போடு (கோல்ஃப் மட்டை) மணிக்கட்டும் போகும். ஆட முடியாத பந்து என அறிவித்து, அது கிடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழியை நெருங்காமல் போடுங்கள். அபராதம் ஒரு அடிதான். தேட 3 நிமிடமே அனுமதி. ஆகவே சந்தேகம் வந்தால், தேடப் போகுமுன்பே ‘தற்காலிகப் பந்து’ (முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆட்டத்தைத் தொடர) என்று சொல்லி இன்னொன்றை அடியுங்கள். பந்து சிவப்புக் குறிக்குள் (அபராதப் பகுதி) விழுந்தது உறுதி என்றால் தற்காலிகப் பந்து செல்லாது.