நாய் நன்றாகத்தான் இருக்கிறது, குழந்தைக்கு ஊசியைத் தொடர வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. நான்கு நாளைக்கு முன் மாலையில் பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய் அவளைக் காதுக்குக் கீழே கடித்துவிட்டது. சின்னக் காயம்தான், ஆனால் இரத்தம் வந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டோம். மறுநாள் கையில் ஒரு ஊசி போட்டார்கள். காயத்தில் போடும் ஊசி பற்றிக் கேட்டபோது, "இங்கே இல்லை, வளர்ப்பு நாய்தானே, தேவையும் இல்லை" என்றார்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறது. நாயும் நன்றாக ஓடித் திரிகிறது. மீதி ஊசிகளை நிறுத்திவிடலாம் என்கிறார் என் கணவர். உறவினர் ஒருவர், ஒரே வேளை மருந்தில் விஷத்தை முறிப்பவரிடம் அழைத்துப் போகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: நிறுத்தாதீர்கள். முதல் ஊசியிலிருந்து இன்று மூன்றாம் நாள், இரண்டாவது ஊசிக்கு உரிய நாளே இதுதான். அதைப் போடுங்கள். காயத்தில் போடும் ஊசி எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று விசாரித்து, அதையும் இன்றே போட்டுவிடுங்கள். இன்னும் காலம் கடக்கவில்லை. கடிதம் வந்த அன்றே இவ்வளவையும் தொலைபேசியில் உங்களிடம் சொல்லிவிட்டேன். இங்கே விரித்து எழுதுவதற்குக் காரணம், இதே குழப்பத்தோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர் குறையவே இல்லை.

கையில் போட்டது தடுப்பூசி. வெறிநோய்க் கிருமி எப்படி இருக்கும், அதை எப்படி எதிர்ப்பது என்று அது உடம்புக்குப் பாடம் நடத்துகிறது. பாடம் உடனே ஏறாது. எதிர்ப்புச் சக்தி போதிய அளவு உருவாக ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். கிருமியோ கடித்த நிமிடத்திலேயே காயத்துக்குள் வந்துவிட்டது. அங்கிருந்து நரம்பைப் பிடித்து மூளையை நோக்கிப் போவதுதான் அதன் வேலை. இடைப்பட்ட நாட்களில் அதை யார் தடுப்பது? அதற்காகத்தான் காயத்தில் போடும் ஊசி. சீரம் என்பார்கள், இம்யூனோகுளோபுலின் என்றும் சீட்டில் எழுதுவார்கள். வேறோர் உடலில் ஏற்கெனவே தயாரான எதிர்ப்புச் சக்தி அது. கடித்த இடத்திலேயும் அதைச் சுற்றியும் செலுத்தினால், கிருமி நரம்பில் ஏறுமுன் அங்கேயே மடக்கிவிடும். இடுப்பிலோ தொடையிலோ போட்டுவிட்டு "சீரம் ஆயிற்று" என்று அனுப்பினால் அந்தப் பயன் கிடைக்காது.

முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஏழாம் நாள் வரை சீரம் போடலாம். அதன் பிறகு உடம்பே எதிர்ப்புச் சக்தியைத் தயாரிக்கத் தொடங்கிவிடுவதால் தேவைப்படாது. உங்கள் மகளுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டு நாளைக்குத் தள்ளாதீர்கள். கடி கழுத்தை ஒட்டி இருக்கிறது. காலில் கடித்தால் கிருமி நெடுந்தூரம் போக வேண்டும். காதுக்குக் கீழே கடித்தால், அதுவும் நான்கு வயதுக் குழந்தைக்கு, மூளைக்கு எவ்வளவு தூரம்?

"சின்னக் காயம்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். காயம் எவ்வளவு பெரியது என்பது கேள்வியே இல்லை. தோல் கிழிந்ததா, இரத்தம் வந்ததா என்பதுதான் கேள்வி. உலக சுகாதார நிறுவனம் நாய்க்கடியை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. இரத்தம் வந்த கடி, கீறல், கண், வாய், திறந்த புண் இவற்றில் நாயின் எச்சில் பட்டது எல்லாம் மூன்றாம் வகை. மூன்றாம் வகைக்குத் தடுப்பூசியும் வேண்டும், சீரமும் வேண்டும். ஊசியைத் தொடங்குவதற்கு முன் வளர்ப்பு நாயா தெரு நாயா என்று பார்த்துக்கொண்டிருக்க இதில் இடமே இல்லை. நாயின் அட்டையும் அப்படித்தான். நல்ல வீட்டு நாய் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். போட்ட மருந்து குளிர் கெடாமல் இருந்ததா, அந்த நாயின் உடம்பு அதை ஏற்றுக்கொண்டதா என்பதை அட்டையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இப்போது அந்தப் பதிலுக்கு வருகிறேன். "இங்கே இல்லை, தேவையும் இல்லை." இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. கையிருப்பில் இல்லாதது ஒரு செய்தி. குழந்தைக்குத் தேவையில்லை என்பது ஒரு மருத்துவ முடிவு. முதலாவதை மறைக்க இரண்டாவதைச் சொல்கிறார்கள். இனி யாராவது அப்படிச் சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களிடம் இருந்திருந்தால் போட்டிருப்பீர்களா?" பதில் தடுமாறினால் புரிந்துவிடும். "இருப்பில் இல்லை" என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கே கிடைக்கும் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தடுப்பூசி ஒரு கட்டடத்தில், சீரம் இன்னொரு கட்டடத்தில், காலையில் மட்டும்தான், விடுமுறை நாளில் கிடையாது, குப்பியை உடைக்க இன்னும் இரண்டு பேர் வர வேண்டும் என்று குழந்தையை அலைக்கழிக்கும் ஏற்பாட்டை யார் வகுத்தார்களோ, அவர்கள் ஒரு நாளாவது கடிபட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வரிசையில் நின்று பார்க்க வேண்டும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள். மருந்து கண்டுபிடிக்கப்படாத நோய் என்றால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். 1885 ஜூலையிலேயே, கடிபட்டு இரண்டு நாள் கடந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குப் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டரின் தடுப்பு மருந்தைப் போடத் தொடங்கினார்கள். சிறுவன் பிழைத்தான்.

இருப்பில் இல்லை என்ற சொல் காதில் விழுந்ததும் பக்கத்தில் ஒருவர் வந்து நிற்பார். "சீரம் என்னிடம் இருக்கிறது, இப்போதே தருகிறேன்" என்பார். பையிலிருந்தோ சட்டைப் பையிலிருந்தோ குப்பியை எடுப்பார். வாங்காதீர்கள். தடுப்பூசியும் சரி, சீரமும் சரி, 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியவை. வெயிலில் சுற்றிய குப்பிக்கும் நல்ல குப்பிக்கும் பார்வையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. கெட்டுப்போன மருந்தைப் போட்டுக்கொண்ட குழந்தைக்கு, போடாத குழந்தையைவிட ஆபத்து அதிகம், ஏனென்றால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், குளிர்பெட்டியில் வைத்திருக்கும் மருந்துக்கடையில், ரசீதோடு, பனிக்கட்டிப் பையில் வைத்து வாங்கி நேரே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

உறவினர் சொன்னவரைப் பற்றி. அவரால் குணமானவர்கள் ஏராளம் என்று சொல்லியிருப்பார்கள். அதில் பொய் இல்லாமலும் இருக்கலாம், ஏனென்றால் கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறிநோய் கிடையாது. அந்த நாய்கள் கடித்தவர்கள் எந்த மருந்தும் சாப்பிடாமலேயே நன்றாக இருந்திருப்பார்கள். அந்தப் பெயர் முழுவதும் அவருக்குப் போய்விடுகிறது. உண்மையில் நோயுள்ள நாய் கடித்தவருக்கோ, அறிகுறி வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே வரும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதற்குள் அந்த ஒரு வேளை மருந்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற நம்பகமான சிகிச்சை எதுவும் இன்றுவரை இல்லை. காயத்தில் பொடி, இலைச்சாறு, எண்ணெய் என்று எதையும் வைக்க விடாதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. அது அரைகுறையாகக் காதில் விழுந்து பலர் உயிரை வாங்கியிருப்பதால், பொறுமையாகவே சொல்கிறேன். நாய் பத்து நாள் நன்றாக இருந்தால் மேற்கொண்டு ஊசி தேவையில்லை என்பது உண்மை. நாயின் எச்சிலில் கிருமி இருக்கிறது என்றால் அது நோயின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்று பொருள். சில நாட்களில் அது நோய்வாய்ப்படும், இறந்துவிடும். கடித்த நாளிலிருந்து பத்து நாள் கழித்தும் தின்று, குடித்து, ஓடியாடிக்கொண்டிருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இருந்திருக்க முடியாது. ஆனால் இந்தப் பத்து நாள் ஊசியை நிறுத்துவதற்கான கணக்கு, தொடங்காமல் காத்திருப்பதற்கான கணக்கு இல்லை. ஊசி நடந்துகொண்டே இருக்க வேண்டும், கண்காணிப்பும் கூடவே நடக்க வேண்டும். பத்தாம் நாள் வருவதற்குள் மூன்று ஊசி முடிந்திருக்கும். கண்காணிப்பு என்றால் அதே நாயைத் தினமும் நேரில் பார்ப்பது. "அங்கேதான் எங்கேயாவது திரியும்" என்பது கண்காணிப்பு ஆகாது. கட்டிவைக்கச் சொல்லுங்கள். அது சாப்பிடாமல் போனாலோ, குரல் மாறினாலோ, எச்சில் ஒழுகினாலோ, காணாமல் போனாலோ, யாராவது அடித்துக் கொன்றாலோ இந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது, எல்லா ஊசியும் போட்டாக வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான் இந்தச் சலுகை. குரங்கு, நரி, வௌவால் என்றால் பத்து நாள் என்ற பேச்சே எடுக்காதீர்கள். உங்கள் நாய்க்கு இன்று நான்காம் நாள். நன்றாக இருப்பது மகிழ்ச்சி. பத்து ஆகட்டும், அப்போதும் மருத்துவர் சொல்லி நிறுத்துங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இதுவரை போட்ட ஊசி எதுவும் வீணாகாது. மகளின் ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் எப்போதாவது மறுபடி கடிபட்டால் இரண்டு ஊசி போதும், சீரம் தேவைப்படாது. அதை நிரூபிக்க அந்த அட்டைதான் கையில் இருக்கும்.

காயத்தை நீங்கள் சரியாகக் கழுவவில்லை. கழுவியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். பல குழந்தைகளைக் காப்பாற்றும் முதல் மருந்து அதுதான். நாள் கடந்துவிட்டாலும் இன்று கழுவிவிட்டுப் போங்கள்.

ஊசி போடும் இடத்தில் சிலவற்றைக் கவனியுங்கள். குழந்தைதானே என்று தடுப்பூசியைப் பாதியாகக் குறைக்க விடாதீர்கள். தடுப்பூசியின் அளவு எல்லோருக்கும் ஒன்றுதான். சீரம் மட்டும் எடையைப் பொறுத்தது. மனித சீரம் என்றால் ஒரு கிலோவுக்கு 20 யூனிட், குதிரை சீரம் என்றால் 40. அதனால் குழந்தையை முதலில் எடை பாருங்கள். தடுப்பூசியை மேற்கையில் போட வேண்டும், இரண்டு வயதுக்குக் கீழே என்றால் தொடையின் முன்பக்கம். பிட்டத்தில் போடக் கூடாது. தசையில் போடும் முறைக்கும் தோலில் போடும் முறைக்கும் நாள்கணக்கு வேறு, அட்டையில் எழுதிய தேதிகளையே பின்பற்றுங்கள். ஒரு தேதி தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து உடனே தொடரலாம். சளி, காய்ச்சல் காரணமாகத் தள்ளிப்போட வேண்டாம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார் பயமுறுத்துவது பழைய மருந்தின் கதை.

பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் உட்காரவைத்துக் கேளுங்கள். நாய் கீறியிருக்கும், புண்ணை நக்கியிருக்கும், அடி விழும் என்று பயந்து வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். திட்டாமல் கேட்டால் சொல்வார்கள்.