ரஷீத் ஜஹான் விட்டுச்சென்றது

கேள்வி: மிகக் குறைவாகவே எழுதிய ரஷீத் ஜஹானை உருதுப் புனைகதையின் முன்னோடி என்பது ஏன்?

பதில்: மருத்துவரான அவர், 1932-இல் லக்னோவில் வெளியான ‘அங்காரே’ என்ற உருதுக் கதைத் தொகுப்பின் நான்கு எழுத்தாளர்களுள் ஒரே பெண். மதத்தைப் புண்படுத்துவதாக எழுந்த எதிர்ப்பால், ஐக்கிய மாகாண (இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதி) அரசு மறு ஆண்டே அந்நூலைத் தடைசெய்தது. அதிலுள்ள ‘தில்லி கி சைர்’ மூன்றே பக்க அளவிலான கதைதான். ஆனால், டெல்லியைக் காட்டுவதாக அழைத்துவந்த கணவன் நண்பனோடு போய்விட, ரயில் நிலையத்தில் மூட்டைமுடிச்சுகளின் மேல் பர்தாவுடன் காத்துக்கிடந்த ஒருத்தி, அந்த அனுபவத்தைத் தன் தோழியரிடம் தானே சொல்கிறாள். பெண்ணின் பேச்சுமொழியே கதையைச் சுமக்கலாம் என்ற இந்தத் துணிவையே நான் அவருடைய பெருங்கொடையாகக் கருதுகிறேன். 1952-இல், 47 வயதுகூட நிறையாமல், மாஸ்கோவில் அவர் மறைந்தார். அவரால் தாம் உருவானதை உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய் வெளிப்படையாகவே பதிவுசெய்திருக்கிறார்.