ஓராண்டு நர்சிங் சான்றிதழ்: பணம் கட்டும் முன்

வணக்கம் ஐயா. பிளஸ் டூ முடித்த மகளைச் சேலத்திலுள்ள சிறிய தனியார் கல்லூரியில் ஓராண்டு நர்சிங் படிப்பில் சேர்த்தால் ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம் என்கிறார்களே, நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்ப வேண்டாம். அந்தப் பணிக்கு, மூன்றாண்டு ஜி.என்.எம். (பொது செவிலியம், மகப்பேறு உதவிக்கான டிப்ளமோ) அல்லது நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கை அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஓராண்டுச் சான்றிதழ் உதவியாளர் வேலைக்கே பயன்படும் (அதுவும் மதிப்பான வேலைதான், சம்பளம்தான் குறைவு). எந்தக் கல்லூரியில் சேர்ப்பதானாலும், அங்கீகார ஆணையையும், வார்டுப் பயிற்சி எந்த மருத்துவமனையில் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழை மட்டும் அவர்களிடம் விட்டு வராதீர்கள். நீங்கள் இருக்கும் ஏற்காட்டிலிருந்து மகள் 20 கொண்டையூசி வளைவுகளையும் நாள்தோறும் இறங்கிச் சேலத்தில் காலை வார்டுப் பயிற்சிக்கு வருவது கடினம் என்பதால், விடுதிச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.