வான்கோழி வேட்டைக்குக் கூடாரம் தேவையா? கேள்வி பதில்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வசந்தகால வான்கோழி வேட்டை சீசன் ஏப்ரல் பிற்பாதியில் தொடங்கும். அதற்கு முந்தைய மாதம் நம் ஆட்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே பொருளைப் பற்றியவை. தரையில் விரித்து உள்ளே உட்காரும் துணிக் கூடாரம், இங்கே பிளைண்ட் என்கிறார்களே, அதுதான். பதினான்கு வசந்தங்களாக இந்தப் பறவையின் பின்னால் அலைகிறேன். கூடாரத்திலும் உட்கார்ந்திருக்கிறேன், மரத்தடியிலும் உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, வேட்டைக் கல்வி வகுப்பு முடித்தாயிற்று, ஷாட்கன்னும் வாங்கியாயிற்று. இது முதல் வருடம். கூடாரமும் வாங்கணுமா?

முதல் வருடம் வேண்டாம் தம்பி. முகத்துக்கு வலை, கைக்கு உறை, தரையில் போட ஒரு தடித்த மெத்தை, இவை போதும். உங்கள் தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து, முதுகை அதில் சாய்த்து உட்காருங்கள். மரம் உங்கள் உருவத்தை மறைக்கும். பின்னாலிருந்து யாராவது தவறிச் சுட்டாலும் காக்கும்.

வான்கோழியின் கண்ணைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். தலையைத் திருப்பாமலே சுமார் 270 டிகிரி பார்க்கும். கழுத்தைக் கொஞ்சம் அசைத்தால் சுற்றிலும் தெரியும். நிறங்களை நம்மைவிட நுணுக்கமாகப் பிரித்தறியும், புற ஊதா ஒளியும் ஓரளவு தெரியும். வேட்டைத் துணியைப் பளிச்சிட வைக்கும் சோப்புத்தூளில் துவைக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான். ஆனால் அதன் கண்ணில் முதலில் படுவது அசைவு. கூடாரம் மறைப்பதும் அசைவைத்தான். ஆகவே அசையாமல் இருக்க முடியுமா, முடியாதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் மரமே போதும்.

நான் மான் வேட்டைக்காரன். மானுக்குக் கூடாரத்தை இரண்டு மூன்று வாரம் முன்பே வைத்துப் பழக்க வேண்டும். வான்கோழிக்கும் அப்படித்தானா?

தேவையில்லை. வெட்டவெளிப் புல்வெளியின் நடுவில் அன்றைக்குக் காலையில் நிறுத்திய கூடாரத்தின் பக்கமாக வான்கோழி அலட்டிக்கொள்ளாமல் நடந்து போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மானாக இருந்தால் காலைத் தட்டிவிட்டு ஓடியிருக்கும். மோப்பத்தையும் நீங்கள் மறந்துவிடலாம். வான்கோழிக்கு மோப்பசக்தி மிகக் குறைவு, காற்றுத் திசை பார்த்து உட்கார வேண்டியதில்லை.

ஆனால் காற்றின் வேகத்தை மறக்காதீர்கள். துணி படபடத்தால் நிச்சயம் மிரளும். ஒரு வருடம் நான் நான்கு மூலைக்கு மட்டும் முளை அடித்துவிட்டு, பக்கவாட்டுக் கயிறுகளைக் கட்டாமல் விட்டேன். அறுபது கெஜத்தில் தோகை விரித்து வந்துகொண்டிருந்த சேவல், ஒரே ஒரு காற்றில் சுவர் உள்ளே குழிந்து வெளியே புடைத்ததைப் பார்த்ததும் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு எல்லாக் கயிறும் கட்டாமல் நான் உள்ளே போவதில்லை.

வில்லோடு போக ஆசை. கூடாரம் இல்லாமல் முடியுமா?

முடிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கூடாரம் தன் விலைக்கு உண்மையாகவே உழைக்கும் இடம் இதுதான். வில்லை இழுக்கக் கை முழுவதும் அசைய வேண்டும், அதுவும் பறவை பதினைந்து கெஜத்துக்குள் நிற்கும்போது. திறந்த வெளியில் அந்த ஓர் அசைவில் காரியம் கெட்டுவிடும்.

உள்ளே கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை போடுங்கள். இலை நிறத் துணி வெளியில் உட்காருகிறவர்களுக்கு. கூடாரத்தின் உட்புறம் கறுப்பு, நீங்களும் கறுப்பாக இருந்தால் இருட்டோடு இருட்டாகிவிடுவீர்கள். முன் ஜன்னலை மட்டும் வேண்டிய அளவு திறங்கள். முதுகுப் பக்க ஜன்னல் திறந்திருந்தால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் உங்கள் தலை நிழலாட்டம் போலத் தெரியும். புதியவர்கள் சுற்றிலும் பார்க்கும் ஆசையில் எல்லா ஜன்னலையும் திறந்து வைக்கிறார்கள். அப்புறம் கூடாரம் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

டெக்காய், அதாவது பறவையை வரவழைக்க வைக்கும் வான்கோழிப் பொம்மை, அதை வைக்கும் விதம் இன்னும் முக்கியம். (நம் பழந்தமிழில் இதற்குச் சொல்லே உண்டு: பார்வை. பழக்கிய விலங்கையோ பறவையையோ காட்டி அதன் இனத்தை வரவழைப்பது. எனக்கு மிகவும் பிடித்த சொல்.) ஜேக் எனப்படும் ஓராண்டு இளஞ்சேவல் பொம்மையை எட்டுப் பத்து கெஜத்தில், அதன் முகம் கூடாரத்தைப் பார்த்தபடி வையுங்கள். சண்டைக்கு வரும் பெரிய சேவல் பெரும்பாலும் அதன் முகத்துக்கு நேர் எதிரே வந்து நிற்கும். அப்போது அதன் விரிந்த தோகை உங்கள் பக்கம் இருக்கும், அதன் கண்ணை அதன் தோகையே மறைத்துவிடும். வில்லை இழுக்க அந்த நொடிக்காகக் காத்திருங்கள். தோகை விரித்த பறவையில் பாதி வெறும் இறகு. உயிர்நிலை ஒரு கைப்பிடி அளவுதான். அது பக்கவாட்டில் திரும்பி, சிறகின் மூட்டு தெளிவாகத் தெரியும்வரை அம்பை விடாதீர்கள்.

ஜன்னல் வலையின் ஊடாகவே எய்வதாக இருந்தால் நிலையான அலகு கொண்ட அம்புமுனை மட்டும். விரியும் முனை வலையில் பட்டாலே திறந்துகொள்ளும்.

என் மகளுக்கு எட்டு வயது. இளையோர் சீசனில் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். ஐந்து நிமிடம் சும்மா இருக்க மாட்டாள்.

யோசிக்காமல் கூடாரம் வாங்குங்கள். அவளுக்கு உயரம் சரியான நாற்காலி, துப்பாக்கியைத் தாங்க ஒரு முக்காலி, முறுக்கு, தண்ணீர், வரைய ஒரு நோட்டு. அசையலாம், கிசுகிசுக்கலாம். துப்பாக்கியின் வாய் ஜன்னலுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வெடித்தால் சத்தம் காதைப் பிளக்கும், அவளுக்குக் காதுமூடி கட்டாயம். ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்றால் போய்விடுங்கள். அடுத்த வருடமும் அவள் வரவேண்டுமே.

கூடாரத்துக்கு முன்னால் கொஞ்சம் மக்காச்சோளம் தூவினால்?

கூடவே கூடாது. மிசூரியில் அது குற்றம். தூவியதை முழுவதும் அள்ளிய பிறகும் பத்து நாள்வரை அந்த இடம் இரை போட்ட இடமாகவே கருதப்படும். இந்த மாநிலத்தில் இந்தப் பறவை ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. மிச்சமிருந்த காடுகளில் பிடித்து வேறு இடங்களில் விட்டு, மெல்லப் பெருக்கினார்கள். 1960ல் சீசனை மறுபடி திறந்தபோது மூன்றே நாள், சுடப்பட்டவை 94. இன்று நாம் காட்டுக்குள் போய் அந்தக் கத்தலைக் கேட்க முடிகிறது என்றால் யாரோ கட்டுப்பாட்டோடு இருந்ததால்தான். இந்த விதியில் எனக்குச் சமரசம் கிடையாது.

பொது நிலத்தில் கூடாரத்துக்குள் இருந்தால் பாதுகாப்புத்தானே?

இல்லை. இந்தத் தவறான நம்பிக்கைதான் எனக்கு மிகவும் கவலை. அது துணி. ரவையைத் தடுக்காது. நீங்கள் உள்ளே இருப்பது வெளியில் இருப்பவருக்குத் தெரியவும் தெரியாது. அவர் உங்கள் பொம்மையைப் பார்த்து உண்மைப் பறவை என்று நினைத்தால், குறி உங்கள் பக்கமே வரலாம்.

கூடாரத்தின் நான்கு பக்கமும் தெரிகிற மாதிரி ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். உங்கள் மாநிலத்தில் கட்டாயமோ இல்லையோ, கட்டுங்கள். வான்கோழி அதைப் பொருட்படுத்துவதில்லை என்பது என் அனுபவம். கூடாரத்தைப் பெரிய மரத்துக்கு முன்னால் வையுங்கள். பொம்மையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஆரஞ்சுப் பைக்குள் மூடி வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் வேண்டாம், கைக்குட்டைகூட. சேவலின் தலையில் இருப்பவை அந்த மூன்று நிறங்கள். இன்னொரு வேட்டைக்காரர் வருவது தெரிந்தால் கையசைக்காதீர்கள், வான்கோழிக் குரலும் கொடுக்காதீர்கள். சத்தமாகப் பேசுங்கள். வேட்டை கெட்டால் கெடட்டும்.

இரவில் கூடாரத்தை அங்கேயே விட்டுவரலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அந்தந்த நிலத்தின் விதியைப் படியுங்கள்.

போன வருடம் மூன்று நாள் உட்கார்ந்தேன் சார். தூரத்தில் கத்துகிறது, கிட்டே வரவே இல்லை.

பறவை வராத இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பத்துப் பன்னிரண்டு கிலோவைச் சுமந்து வந்து, முளை அடித்து, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் எழுந்து போக மனசே வராது. நானூறு கெஜம் தள்ளிச் சேவல் கத்தும்போது மரத்தடிக்காரர் எழுந்து, மேடு சுற்றி, அதற்குக் கிட்டே போய் உட்கார்ந்துவிடுவார். கூடாரத்துக்குள் சத்தம் வரும் திசையும் சரியாகப் பிடிபடாது, பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்கும் பறவையும் தெரியாது.

சீசனுக்கு முன் நான்கைந்து விடியற்காலை அந்த நிலத்தின் ஓரத்தில் நின்று கேளுங்கள். எந்த மரத்தில் அடைகிறது, இறங்கி எந்தப் பக்கம் நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடையும் மரத்துக்கு மிக அருகில் போகாதீர்கள். நூறு நூற்றைம்பது கெஜம் தள்ளி, அது நடக்கும் வழியில் வையுங்கள். தனியார் நிலமாக இருந்தால் முந்தைய நாள் மதியமே நிறுத்திவிடுங்கள். விடியலுக்கு முன் அமைதியில் அந்தக் கம்பிகள் டப் டப்பென்று விரியும் சத்தம் வெகுதூரம் போகும்.

மிசூரியில் பொது நிலத்தில் பகல் ஒரு மணியோடு வேட்டை முடிகிறது. தனியார் நிலத்தில் 2024 முதல் சூரியன் மறையும்வரை அனுமதி. அந்த நீண்ட மதியங்களுக்குக் கூடாரம் நல்ல துணை.

உள்ளே இருந்தால் உண்ணி ஏறாதா?

ஏறும். அடியில் தரை இல்லாத கூடாரங்கள்தான் பெரும்பாலும். முதுகில் வெள்ளைப் புள்ளி உள்ள லோன் ஸ்டார் உண்ணி இங்கே நிறைய. அது கடித்துச் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி எல்லாமே ஒவ்வாமையாகிவிடுகிறது. பெர்மெத்ரின் என்ற உண்ணிக்கொல்லி மருந்தைச் சட்டை பேண்ட்டில் முந்தின நாளே அடித்து நன்றாகக் காயவிடுங்கள். தோலில் படக்கூடாது, ஈரமாக இருக்கும்போது பூனை பக்கத்தில் வரக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் குளித்து, முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள்.

கடைசியாக, ஜன்னல் எந்தத் திசை பார்த்து இருக்கணும்?

காலை வேட்டைக்குக் கிழக்கு வேண்டாம். உதித்த வெயில் நேரே உள்ளே விழுந்து உங்கள் முகத்தைக் காட்டிக்கொடுக்கும், உங்கள் கண்ணும் கூசும். வடக்கோ மேற்கோ பார்த்து வையுங்கள். உட்கார்ந்ததும் முதல் வேலையாக நாற்பது கெஜத்தில் ஒரு மரத்தையோ கல்லையோ அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சேவல் அதற்கு இந்தப் பக்கம் வரும்வரை துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டைத் திறக்காதீர்கள்.