வெட்டவெளியில் ஒரு கிட்டார்: கேள்வி பதில்

கிளிநொச்சியில் வீட்டின் பின்னறையை ஒலிப்பதிவு அறையாக்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதற்கு முன் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவன். மிதக்கும் ஒலி, பனிமூட்ட ஒலி என்று ஆளுக்கொரு பெயர் சொன்னாலும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எலெக்ட்ரிக் கிட்டார் அடித்த இடம் தெரியாமல் பாட்டின் பின்னால் விரிய வேண்டும். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி: ரிவேர்ப் (மண்டபத்து முழக்கம்), டிலே (பிந்தி வரும் எதிரொலி), கோரஸ் (ஒலியைத் தடிப்பாக்குவது) என்று காலால் அழுத்தும் ஐந்து பெடல்கள் வாங்கிவிட்டேன். எல்லாவற்றையும் போட்டால் சேறாகக் கலங்குகிறது, நிறுத்தினால் வறண்டுவிடுகிறது. அடுத்து எதை வாங்கலாம்?

ஒன்றையும் வாங்காதீர்கள். இருப்பதில் இரண்டைக் கழற்றி வையுங்கள்.

முதலில் வரிசை. ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் முன்னால், பிறகு கோரஸ், அடுத்து வால்யூம் பெடல், அதன் பின் டிலே, கடைசியில் ரிவேர்ப். வால்யூம் பெடல் டிலேக்கு முன்னால் இருந்தால், பெடலால் ஒலியைக் குறைத்த பிறகும் பழைய ஒலியின் வால் தொடர்ந்து ஒலிக்கும். பின்னால் வைத்தால் வாலும் சேர்ந்து அறுந்துபோகும்.

அடுத்து கை. நரம்பை மீட்டும்போது எழும் முதல் 'டக்' ஓசைதான் இது கிட்டார் என்று காதுக்குக் காட்டிக்கொடுக்கிறது. அதை மறைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிட்டாரின் வால்யூம் குமிழைப் பூச்சியத்தில் வைத்து மீட்டுங்கள், உடனே சுண்டுவிரலால் மெல்லத் திறவுங்கள். வில்லால் இழுத்ததுபோல் வரும். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை (நரம்பின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளை) தெரிவுசெய்து, டோன் குமிழைப் பாதிக்குக் குறையுங்கள்.

சேற்றுக்கு உண்மையான காரணம் பெடல் அல்ல, கோர்வை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், அதாவது கோர்ட்). ஆறு நரம்பையும் அழுத்தி வாசிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நீண்ட ரிவேர்ப்பில் முந்தைய கோர்வை இன்னும் காற்றில் நிற்கும்போதே அடுத்தது வந்து மோதுகிறது. இரண்டு அல்லது மூன்று நரம்பு போதும். கோர்வை மாறினாலும் ஒரு சுரமாவது மாறாமல் நிற்கட்டும். அப்போது பழைய வாலும் புதிய ஒலியும் சண்டையிடாது.

புதுக்குடியிருப்பு: அம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டி) இல்லை. கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் நேரே செருகிப் பதிகிறேன். நுளம்பு இரைவதுபோல் இருக்கிறது.

இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்றோ கிட்டார் படத்துடனோ ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினீர்களா? பிக்கப்புக்கு ஏறக்குறைய ஒரு மெகாஓம் உள்ளீட்டு மின்தடை வேண்டும். அது இல்லாவிட்டால் ஒலி மங்கி மெலியும். நுளம்பு இரைச்சலுக்குக் காரணம் வேறு. கிட்டார் அம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் எதையும் கொடுக்காது. நேரடிப் பதிவில் அந்த மேற்பகுதி அப்படியே வந்து குத்துகிறது. கணினியில் அம்ப் மென்பொருளையும், ஸ்பீக்கர் பெட்டியின் இம்பல்ஸ் கோப்பையும் (அந்தப் பெட்டி ஒலியை மாற்றும் விதத்தைப் பதிந்த கோப்பு) போடுங்கள். இலவசமானவை நிறைய உண்டு. ஒலியளவின் உச்சம் −12 டெசிபெலைச் சுற்றி நின்றால் போதும். 24 பிட் பதிவில் சிவப்பு விளக்கைத் தொட வேண்டிய தேவை இல்லை.

வவுனியா: டிலே நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

60,000ஐ பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தாளத்தின் மில்லிசெக்கன் வரும். நிமிடத்துக்கு 72 தாளம் என்றால் 833. அதை முக்காலால் பெருக்கினால் 625. தாளத்துக்கு இடையில் விழுந்து மிதக்கும் டிலே அதுதான்.

முல்லைத்தீவு: சிறிய அம்ப் ஒன்றும் மைக் இரண்டும் இருக்கின்றன. அறைக்குத் தகரக் கூரை. தூரத்து மைக்கில் பெட்டிக்குள் இருந்து கேட்பதுபோல் வருகிறது.

கிட்ட வைக்கும் மைக்கில் குழப்பம் இல்லை. 1965இல் வந்த ஷூர் எஸ்எம்57 போன்ற ஒன்றை, அம்ப்பின் முன்துணியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, ஸ்பீக்கரின் நடுக் கிண்ணத்தின் விளிம்பைப் பார்க்க வையுங்கள். நடுவுக்குப் போனால் கூர்மை, வெளியே போனால் மென்மை. நமக்கு வேண்டியது மென்மை.

சிக்கல் தூரத்து மைக்கில். சிறிய அறையில் தூரம் என்று ஒன்று கிடையாது. எதிரே சுவர், மேலே தகரம், ஒலி உடனே திரும்பிவந்து அதன்மேலேயே விழுகிறது. அறைக் கதவைத் திறந்து அந்த மைக்கை விறாந்தைக்கு அனுப்பிப் பாருங்கள். மூன்று மீட்டர் தள்ளினால் ஒலி ஏறக்குறைய 9 மில்லிசெக்கன் பிந்தி வரும். கணினியில் அதை இழுத்துச் சேர்த்துவிடாதீர்கள், அந்தப் பிந்தல்தான் இடம். இரண்டையும் ஒன்றாகக் கேட்டு, கணினியில் ஒன்றின் துருவத்தை (அலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எதில் அடி ஒலி நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் பழைய பஞ்சு மெத்தைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். நான் முதலில் உமிச் சாக்குகளை அடுக்கினேன். ஒலி நன்றாகத்தான் இருந்தது, எலிகளும் அப்படியே நினைத்தன.

சோளகக் காற்றுக் காலத்தில் தகரம் அடிக்கும். பதிவை விடியற்காலைக்கு மாற்றுங்கள்.

துணுக்காய்: ஓயாத இரைச்சல். பிளக்கின் எர்த் முனையை வெட்டினால் நிற்கும் என்கிறார்கள்.

வெட்டாதீர்கள். நரம்புகள் எர்த்துடன்தான் இணைந்திருக்கின்றன. அம்ப்பில் பழுது வந்தால் அந்த மின்சாரம் உங்கள் கை வழியே போகும். கிட்டாரோடு கதிரையில் இருந்தபடி மெல்லச் சுழன்று பாருங்கள். இரைச்சல் கூடிக் குறைந்தால் பிக்கப் மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை வாங்குகிறது. இரைச்சல் மிகக் குறைவான திசையில் இருந்து பதியுங்கள், அல்லது ஹம்பக்கர் உள்ள கிட்டாரைக் கடன் வாங்குங்கள். அதன் இரண்டு சுருள்களும் இரைச்சலை ஒன்றையொன்று அழித்துவிடும். சுழன்றும் மாறாவிட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் பதிந்து பாருங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது பதியவே வேண்டாம். அதன் ஹெர்ட்ஸ் ஓரிடத்தில் நில்லாது, வடிகட்டிக்கும் அகப்படாது.

மல்லாவி, ஓர் ஆசிரியை: எங்கள் பாடசாலை மண்டபத்தில் நல்ல முழக்கம் உண்டு. அதைப் பயன்படுத்தலாமா?

டீச்சர், இதுவரை வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எந்தப் பெடலும் உங்கள் மண்டபத்தைத் தராது.

எளிய வழி: கிட்டாரை வீட்டில் எதிரொலி எதுவும் சேர்க்காமல் பதிந்துகொள்ளுங்கள். இரவில் மண்டபத்தின் ஒரு மூலையில், சுவரைப் பார்த்தபடி ஒரு நல்ல ஸ்பீக்கரை வைத்து அதை ஒலிக்கவிடுங்கள். எதிர்மூலையில் இரண்டு மைக்குகளை அகலமாக வைத்துப் பதியுங்கள். அசலையும் மண்டபத்தையும் தனித்தனித் தடத்தில் வைத்துக் கலக்கலாம்.

மண்டபத்தை நிரந்தரமாக வீட்டுக்குக் கொண்டுவரவும் முடியும். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை சீராக ஏறும் ஒலியை 15 செக்கன் ஒலிக்கவிட்டுப் பதியுங்கள். மென்பொருள் அதிலிருந்து மண்டபத்தின் இம்பல்ஸைப் பிரித்துத் தரும். இம்பல்ஸிலிருந்து முழக்கம் உண்டாக்கும் கன்வொலுஷன் ரிவேர்ப்பில் அதைப் போட்டால் எந்த வாத்தியமும் அந்த மண்டபத்தில் வாசித்ததாகிவிடும். கருவி இல்லையென்றால் பலூன் ஒன்றை உடையுங்கள். துல்லியம் குறையும், வேலை நடக்கும்.

ஒரு மார்கழியில், காலபோக அறுவடைக்கு முன் வெறுமையாகக் கிடந்த நெல் களஞ்சியத்தில் இதைச் செய்தேன். மழை விட்டிருந்தது. பதிவு முழுவதும் தவளைகள். இம்பல்ஸுக்கு உதவவில்லை, ஆனால் அந்தத் தவளைகளை ஒரு பாட்டின் தொடக்கத்தில் அப்படியே விட்டுவிட்டேன்.

ஒட்டுசுட்டான்: எந்த நரம்பு நல்லது?

துருப்பிடிக்காதது. வாசித்து முடித்ததும் துடையுங்கள். கொஞ்சம் பழகிய நரம்பு இந்த ஒலிக்குப் புதியதைவிட நல்லது.

வவுனியா, பாடும் தங்கை ஒருத்தி: கிட்டார் அழகாக இருக்கிறது, என் குரல் அதில் மூழ்கிவிடுகிறது.

கிட்டார்க்காரரிடம் இதைக் காட்டுங்கள். ரிவேர்ப்பைத் தனித் தடத்தில் போட்டு, அதில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்ட வேண்டும். பிறகு நீங்கள் பாடும்போது அந்தத் தடம் தானாகத் தாழ்ந்து, மூச்சு வாங்கும்போது எழும்படி ஒரு கம்ப்ரெஸரை உங்கள் குரலோடு இணைக்க வேண்டும். மூன்று டெசிபெல் தாழ்ந்தாலே போதும். அவர் மறுத்தால், ஒரு முறை கிட்டாரே இல்லாமல் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

முள்ளியவளை: அம்மப்பா பாடிய கோவலன் கூத்துப் பாடல்களைத் தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். அவற்றின் கீழ் கிட்டாரை மெல்ல ஒலிக்கவிட ஆசை. கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் இருக்கட்டும், அது உங்களைக் காப்பாற்றும்.

அம்மப்பாவின் சுருதி, கிட்டாரைச் சுருதி சேர்க்கும் 440 ஹெர்ட்ஸ் கணக்குக்குள் நிற்காது. கிட்டாரை அவருக்குச் சேருங்கள், அவரைக் கிட்டாருக்கு இழுக்காதீர்கள். ஒவ்வொரு பாட்டிலும் அவர் வந்து இளைப்பாறும் சுரத்தைத் தேடி எடுத்து, நரம்புகளை அதற்கு இறக்கியோ ஏற்றியோ கட்டுங்கள். போகப்போகச் சுருதி ஏறினால் துண்டு துண்டாகப் பதியுங்கள். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் வாசியுங்கள். காந்தாரத்தை அவரிடம் விட்டுவிடுங்கள், ஏனெனில் அவர் பாடும் காந்தாரம் கிட்டாரின் கட்டைகளுக்கு நடுவில் எங்கோ இருக்கிறது.

தாளத்துக்கு மெட்ரோனோம் வேண்டாம், டிலேயும் வேண்டாம். வால்யூம் குமிழால் மெல்ல எழுப்பிய ஒலியும் நீண்ட ரிவேர்ப்பும் போதும். அவர் வரி முடிக்கும் முன்பே கிட்டார் எழத் தொடங்கினால், அவருடைய மூச்சுக்கு அடியில் அது தாங்கலாக நிற்கும். ஒன்றிலிருந்து மூன்று கிலோஹெர்ட்ஸ் வரை கிட்டாரில் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், சொற்கள் இருக்கும் இடம் அது. அவர் இருமுவதையும் பின்னால் கோழி கூவுவதையும் வெட்ட வேண்டாம். இதில் எதையும் தொடங்குமுன் மூலப் பதிவை இரண்டு வேறு இடங்களில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.