முகத்தைப் பார்க்காதீர்கள், ஷிப்ட் புத்தகத்தைப் பாருங்கள்

கேள்வி: நிலாவெளியில் ஒரு ஹோட்டல் ரிசெப்ஷனில் வேலை செய்கிறேன். சீசன் முடிய என்னையோ, என்னோடு சேர்ந்த இன்னொரு பெண்ணையோ மேற்பார்வையாளர் ஆக்கப்போவதாக ஒரு கதை. அதிலிருந்து அவ முகங்கொடுத்துக் கதைப்பதில்லை. மற்றவர்களோடு சிங்களத்தில் சிரித்துக் கதைப்பா, நான் போனால் பேச்சு நின்றுவிடும். போன கிழமை ஒரு குடும்பம் விடியவே புறாத்தீவுக்குப் படகு கேட்டிருக்கிறது. அதை எனக்குச் சொல்லவில்லை. ஏச்சு விழுந்தது எனக்கு. என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள், அதனால்தான் மனம் இவ்வளவு பாரமாக இருக்கிறது. பிரித்துப் பார்ப்போம்.

முகத்தை விட்டுவிடுங்கள். ஒருவர் பொய் சொல்கிறாரா என்று பார்த்துக் கணிப்பதில் மனிதர்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்று நூற்றுக்கணக்கான ஆய்வுகளை 2006இல் தொகுத்துப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னது சுமார் 54 வீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். மே தொடங்கி செப்டம்பர் வரை நிற்க நேரமில்லாமல் ஓடுகிறவர்களின் முகத்தில் களைப்பும் கோபமும் ஒரே மாதிரித்தான் தெரியும். போட்டி இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. மனிதர் தம்மைத் தமக்குச் சமமானவரோடுதான் ஒப்பிடுவார் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே எழுதினார். மனேஜரோடு அந்தப் பெண்ணுக்குப் பொறாமை வராது, உங்களோடு வரும். உங்களுக்கும் அப்படித்தானே?

அடுத்தது சிங்களத்தில் நடக்கும் பேச்சு. திருகோணமலையில் மூன்று சமூகத்தவரும் ஒரே கூரைக்குக் கீழ் வேலை செய்கிறோம், அவரவர் வாய்க்கு வந்த மொழியில் கதைப்பது வழமை. ஒன்றைக் கவனியுங்கள்: சிங்களம் வராத வேறு ஒருவர், கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு தம்பி என்று வைப்போம், அவர் போனாலும் பேச்சு நிற்கிறதா? நின்றால் அது மொழிச் சங்கடம். உங்களுக்கு மட்டும் நின்றால்தான் யோசிக்க வேண்டும். தேத்தண்ணிக் கோப்பையோடு போய், தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நீங்களும் ஒரு வார்த்தை சேருங்கள்.

படகு விஷயம்தான் உண்மையில் பாரமானது. ஆட்கள் முகத்தை மாற்றலாம், ஆனால் யாருக்குத் தகவல் போகிறது, யாருக்குப் போகவில்லை என்பதை நெடுநாள் மறைக்க முடியாது. ஷிப்ட் மாறும் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். அவர் எழுதாமல் விட்டது உங்கள் ஷிப்டுக்கு முன்னர் மட்டுமா, எல்லாருக்கும் முன்னரா? எல்லாருக்கும் என்றால் அது கவனக்குறைவு, பகை அல்ல.

பிறகு தனியாக, சாதாரணமாகக் கேளுங்கள்: “அந்தக் குடும்பம் படகு கேட்டது எனக்குத் தெரியாமல் போச்சு. இனி ஷிப்ட் மாறும்போது ரெண்டு பேரும் புத்தகத்தை ஒருக்காப் பார்த்துட்டுப் போவமா?” ‘நீ ஏன் சொல்லேல்லை’ என்று தொடங்கவே வேண்டாம், அப்படித் தொடங்கினால் அவர் தன்னைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். அந்த நேரத்தில் என்ன சொல்கிறார் என்பது பெரிதல்ல, அடுத்த சில ஷிப்ட்களில் புத்தகத்தில் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். சமையலறையில் போய் இதைச் சொல்லி ஆறுதல் தேடாதீர்கள், பின்னேரத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும்.

திரும்பவும் நடந்தால் மனேஜரிடம் போகலாம். திகதி, ரூம் இலக்கம், விடுபட்ட தகவல், இவ்வளவும் போதும். அந்தப் பெண்ணின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முதல் மனேஜரிடம் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அந்தப் பதவி உண்மையிலேயே வரப்போகிறதா, எதை வைத்து ஆளைத் தெரிவார்கள்? நீங்கள் எழுதியதில் அது வெறும் ‘கதை’. இந்தக் கிழமையே கேளுங்கள், பதில் வந்ததும் அந்தப் பெண்ணுக்கும் சொல்லுங்கள்.