பள்ளம், குளம், கொறங்காடு: வாசகர் கேள்விகள்

கே: சரவணம்பட்டி பக்கம் பள்ளத்தை (மழைநீர் ஓடும் ஓடையை) ஒட்டி 5 சென்ட் சைட் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

ப: ஏன் மலிவு என்று விற்பவரிடம் கேட்டீர்களா? எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடமும், நிலம் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேடும் எடுத்து, பள்ளத்தின் அகலத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். பத்து வருஷம் காய்ந்து கிடக்கும் பள்ளம் ஒரே ராத்திரியில் நிரம்பி வரும். தண்ணீர் வரும் வழியை முதலில் பாருங்கள். இதை எத்தனை தடவைதான் எழுதுவது!

கே: ரிசர்வ் சைட்டில் மரம் வைக்கலாம் என்றால் லேஅவுட் போட்ட புரோமோட்டர் தடுக்கிறார். (திருப்பூர்)

ப: இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் 10 சதவீதம் பொது இடமாக (அதுதான் ரிசர்வ் சைட்) விட்டு, தானப்பத்திரம் போட்டு உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்த பிறகு அது அவருடையது இல்லை. பத்திர நகல் வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

கே: ரோட்டோரம் கொனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் வைக்கலாமா? (ஈரோடு)

ப: வேண்டாம். குஜராத்தில் 2023லேயே தடை போட்டுவிட்டார்கள். புங்கன், பூவரசு, வேம்பு இருக்க அது எதற்கு?

கே: எங்கள் குளத்துக்கு நடைபாதை, விளக்கு எல்லாம் வந்துவிட்டது. பறவைகளை மட்டும் காணோம். ஏன்? (கோவை)

ப: கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. உள்ளான் பறவைக்கு வேண்டியது கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும். மெல்லச் சரிந்து இறங்கும் கரையில்தான் அது கிடைக்கும். கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்தால் இறங்கிய இடத்திலேயே ஆழம். அது எங்கே போய் நிற்கும்? நாமக்கோழிக்குக் கூடு கட்ட நீரோரம் வளரும் சம்புப் புல் வேண்டும். நமக்கோ சம்பைப் பார்த்தாலே புதர், பொக்லைன் வந்துவிடுகிறது. போன மாதம் ஒரு கரையில் நின்றேன். ஒற்றைக் கொக்கு கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே கால் வைக்க இடம் தேடிவிட்டு, கடைசியில் குழாய் வாயில் போய் நின்றது. அதுவும் சாக்கடைக் குழாய்!

நொய்யல் வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் சேர 180 கிலோமீட்டர் போகிறது. கோவைக் குளங்கள் அதன் வாய்க்கால்களில் தொங்குபவை. ஒன்றின் கலிங்கு (உபரி நீர் வெளியேறும் வழி) வழிந்தால் அடுத்தது நிரம்பும். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ராஜவாய்க்காலை அடைத்துவிட்டுக் கரைக்கு அலங்காரம் செய்வது, மாடு செத்த பிறகு கொட்டகைக்கு ஓடு மாற்றுவது போல. வெள்ளத்தைத் தாங்குவதும் இந்த வாய்க்கால்தான், பறவையைக் காப்பதும் இதுதான். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது பறவைகளால். விளக்குக் கம்பத்தால் இல்லை. கரையில் ஒரு பக்கமாவது மண்ணாக விடச் சொல்லி மனு கொடுங்கள். அப்புறம், தண்ணீர் வரும் வழியை முதலில் பாருங்கள்.

கே: 8 ஏக்கர் கொறங்காடு சும்மா கிடக்கிறது. மியாவாக்கி காடு போடலாமா? (காங்கயம்)

ப: சும்மாவா? கொறங்காடு மேய்ச்சல் நிலம்: கிளுவை வேலி, வெள்வேல், கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடு வளர்ந்ததே இதில்தானே! மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு மூன்று கன்று நெருக்கி நட்டால் புல் சாகும், கௌதாரி போய்விடும். வேலியில் சந்து விழுந்திருந்தால் கிளுவைக் குச்சி ஊன்றுங்கள், போதும்.

கே: மழைநீர்க் குழி இருந்தும் போர்வெல்லில் தண்ணீர் இல்லை. (பொள்ளாச்சி)

ப: குழியை எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று எழுதவில்லையே. ஓர் அங்குல மழைக்கு 1,000 சதுர அடி மாடியில் 2,300 லிட்டர் வரும். ஜல்லியில் சேறு அடைத்திருந்தால் அது அப்படியே தெருவுக்குத்தான் போகும்.

கே: மாடியில் வெள்ளை அடித்தால் சூடு குறையுமா?

ப: குறையும். சுண்ணாம்பே போதும், மாசியிலேயே அடித்துவிடுங்கள்.